புதுப்பிப்பு: கோர்பா 'டிரான்சியண்ட்' பிழை தீர்ந்தது, ஐ.ஓ.ஆரில் 127.0.1.1

உதவின எல்லாருக்கும் நன்றி. மதுரை கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடை. உபுண்டு லினக்ஸ்ல ஓடுற ஜாவா சர்வரை, கல்லாவுல இருக்குற விண்டோஸ் சி பிளஸ் பிளஸ் நிரல் கோர்பா வழியா (வேற வேற மொழி நிரல்கள் நெட்வொர்க்குல பேசிக்கிற முறை) கூப்பிட்டா, சர்வரை எட்ட முடியலைங்கிற இந்த 'டிரான்சியண்ட்' பிழை வருதுன்னு கேட்டிருந்தேன்.

ஃபயர்வால் தடுக்குதுன்னு நினைச்சு ரெண்டு நாள் வீணாப்போச்சு. "ஐ.ஓ.ஆரைப் பிரிச்சுப் பாருங்கண்ணே"ன்னு ஒரு தம்பி சொன்னதுதான் பலிச்சது. ஐ.ஓ.ஆர்.ங்கிறது சர்வர் எங்க இருக்குன்னு சொல்ற முகவரிச் சீட்டு மாதிரி, நீளமான ஒரு எழுத்துச் சரம். அதைப் பிரிச்சுக் காட்டுற கேட்ஐஓஆர் கருவியில போட்டா, சர்வர் முகவரி 127.0.1.1! 127ல ஆரம்பிக்கிற முகவரின்னா அந்தந்தக் கம்ப்யூட்டர் தன்னையே குறிக்கிறது. கல்லா கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு.

சர்வரோட ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (எந்தக் கம்ப்யூட்டர் பேருக்கு எந்த முகவரின்னு சொல்றது) அதை, சர்வரோட நெட்வொர்க் முகவரி 192.168.1.20 ஆக்கினேன். அப்பவும் ஓடலை. கல்லாவுல கிடந்தது பழைய ஐ.ஓ.ஆர். நகல். சர்வரை மறுபடி கிளப்பி, புது ஐ.ஓ.ஆரைக் கல்லாவுல வச்சதும் திரையில இருப்பு வந்துச்சு: சீரகம் 14 மூட்டை.

சர்வர்ல இருக்குற ஜாவா 8ஐ மாத்தப் போறதில்லை. ஜாவா 11ல கோர்பாவையே தூக்கிட்டாங்க.