சூரல் நரம்பில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், ஆவரேஜ் செய்தும் குறையவில்லை

கேள்வி:
வணக்கம். என்சிஎஸ் (நரம்புக் கடத்தல் சோதனை) அறையில் சூரல் (காலின் உணர்வு நரம்பு) எடுக்கும்போது பேஸ்லைன் (அலை இல்லாத அடிக்கோடு) சாய்ந்தே நிற்கிறது. கையிலுள்ள மீடியன் நரம்பில் அலை பெரிது, சமாளித்துவிடலாம். சூரலில் பலருக்கு 10 மைக்ரோவோல்ட்கூட வருவதில்லை, சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் குறைவு. விநாடிக்கு 2 வீதம் 20 மின் தூண்டல் கொடுத்து, பதிவுகளை ஆவரேஜ் (சராசரி) செய்தும் பயனில்லை. நாட்ச் ஃபில்டர் (50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டுவது) போட்டால் கோடு நேராகிறது, ஆனால் அலைக்குப் பின்னால் நெளிவு வருகிறது. ஃபில்டர் 20 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ், ஸ்வீப் (திரையின் நேர அளவு) கட்டத்துக்கு 2 மில்லிசெகண்ட், மொத்தம் 10 கட்டம்.

பதில் 1:
உங்கள் திரையின் மொத்த நீளம் 20 மில்லிசெகண்ட். 50 ஹெர்ட்ஸின் ஒரு சுற்றும் அதேதான். சாய்வாகத் தெரிவது அதனால்தான். தூண்டாமல், ஸ்வீப்பைக் கட்டத்துக்கு 10 மில்லிசெகண்ட் ஆக்கிப் பாருங்கள். ஐந்து அலைகள் சீராக வந்தால் கரண்ட் லைன். தாறுமாறாக முள் முள்ளாக வந்தால் தசை. காலுக்கடியில் தலையணை வைத்துத் தளர விடச் சொல்லுங்கள்.

ஆவரேஜ் கைகொடுக்காததற்குக் காரணம் அந்த 2தான். இடைவெளி 500 மில்லிசெகண்ட், அதாவது சரியாக 25 சுற்று. ஒவ்வொரு தூண்டலும் கரண்ட் அலையின் ஏறக்குறைய அதே இடத்தில் விழுவதால் இரைச்சலும் சிக்னலோடு சேர்ந்து நிற்கிறது. விநாடிக்கு 1 வைத்தாலும் இதே கதிதான். 1.7 வையுங்கள். ஒழுங்கற்ற இரைச்சல் 16 தூண்டலில் கால் பங்காகும், 64-இல் எட்டில் ஒரு பங்கு.

நாட்ச் வேண்டவே வேண்டாம். தூண்டல் ஆர்டிஃபாக்ட் (தூண்டும் மின்சாரமே பதிவில் ஏறுவது) பட்டதும் அந்த ஃபில்டர் அதிர்கிறது, நீங்கள் பார்க்கும் நெளிவு அதுதான். அலையின் உயரமும் மாறிவிடும்.

பதில் 2:
வீதத்தை மாற்றுவதோடு எலக்ட்ரோடையும் கவனியுங்கள். இரண்டு எலக்ட்ரோடிலும் சமமாக ஏறும் இரைச்சலை ஆம்ப்ளிஃபையர் கழித்துவிடும். தோலோடு உள்ள மின்தடை ஒன்றில் 2 கிலோ ஓம், மற்றதில் 15 என்றால் கழித்தபின்னும் மிச்சம் நிற்கும். இரண்டும் 5-க்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். கணுக்காலுக்குப் பின்புறம் தோல் தடித்திருக்கும்; ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் ஸ்க்ரப் ஜெல்லால் லேசாகத் தேய்க்கவும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோல் சிவக்கும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது, புண் ஆறாது. ஜெல் வழிந்து இரண்டு எலக்ட்ரோடையும் தொட்டுவிட்டால் சிக்னலே ஷார்ட் ஆகிவிடும்.

கிரவுண்டு, ஸ்டிமுலேட்டருக்கும் ரெக்கார்டிங் எலக்ட்ரோடுக்கும் நடுவில். ஆக்டிவ், ரெஃபரன்ஸ் (இரண்டு ரெக்கார்டிங் எலக்ட்ரோடுகள்) வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். ஸ்டிமுலேட்டர் கேபிள் அவற்றை ஒட்டிப் போகக் கூடாது.

பதில் 3:
மோட்டார் கட்டில், லேப்டாப் சார்ஜர், காலைச் சூடாக்கும் விளக்கு: எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்விட்ச் நியூட்ரல் பக்கம் இருந்தால் கேபிளில் மின்னழுத்தம் அப்படியே நிற்கும். காலை முதலில் சூடாக்கிவிட்டு, பிளக்கை எடுத்தபின் ரெக்கார்ட் செய்யலாம்.

இரைச்சலைக் குறைக்க நோயாளிக்கு இரண்டாவது கிரவுண்டு போடாதீர்கள். கிரவுண்டு லூப் உண்டாகி இரைச்சல் கூடும், கசிவு மின்சாரம் அவர் உடல் வழியே பாயவும் வாய்ப்புண்டு. எர்த் சந்தேகமாக இருந்தால் பயோமெடிக்கல் பிரிவை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 1.7-இல் சாய்வு போய்விட்டது. தூண்டல் ஆர்டிஃபாக்டின் வால் மட்டும் அலையின் தொடக்கத்தில் விழுகிறது.

பதில் 2:
ஸ்டிமுலேட்டரின் கேத்தோடை (எதிர்முனை) அசைக்காமல், ஆனோடை (நேர்முனை) மட்டும் அதைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் வால் தட்டையாகும். அங்கேயே பிடித்துக்கொண்டு, ஸ்டிமுலேட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வழிந்திருக்கும் ஜெல், வியர்வையைத் துடைத்துவிடுங்கள்.