கொட்டகை வீட்டுச் சொந்தங்கள்

செவ்வாய்

கட்டட அண்ணன், காலை 6:42
எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு பெய்த மழையில் நம் நாடகக் கொட்டகையின் வடமேற்கு மூலையில் ஓடு சரிந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

தேவகோட்டை அத்தை, காலை 6:50
ஐயோ, மேடைக்கு மேலேயா சரிந்தது?

கட்டட அண்ணன், காலை 6:55
இல்லை அத்தை, வேடம் கட்டும் அறைக்கு மேலேதான் சரிந்தது. ஆனால் உத்தரம் சுவரில் உட்காரும் இடம் இற்றுப்போயிருக்கிறது. கை வைத்தவுடன் செங்கல் மாவாக உதிர்ந்து விரலோடு வந்தது. ஓடுகளைத் தாங்கும் கைமரங்களில் நான்கைக் கரையான் தின்றுவிட்டது. இந்த நிலையில் வருகிற பங்குனி உத்திரத்துக்கு அந்தக் கூரையின் கீழ் ஆளை ஏற்ற எனக்குத் துணிவில்லை.

சின்னம்மா, காலை 7:02
பங்குனிக்கு நாடகம் இல்லை என்றால் ஊர் என்ன சொல்லும்?

ஆசிரியர் பெரியப்பா, காலை 7:38
அனைவருக்கும் வணக்கம். படங்களைப் பார்த்த பிறகு காப்பி இறங்கவில்லை. இளைய பிள்ளைகள் பலருக்கு இந்தக் கொட்டகையின் கதை தெரியாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். ஆனால் அவர் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அரிச்சந்திராவும் மதுரை, புதுக்கோட்டைச் சீமையில் ஒரு திருவிழாவைக்கூட விட்டுவைக்கவில்லை. சுவாமிகளுக்கு இசை சொல்லிக்கொடுத்துத் தம் பிள்ளைபோல் வைத்துக்கொண்டவர் நம் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை. அதனால் இந்தப் பக்கத்தில் சுவாமிகளின் பாட்டை வேற்றூர்ப் பாட்டாக யாரும் எண்ணியதே இல்லை. அந்தக் காலத்தில் பொட்டலில் கீற்றுப் பந்தல் போட்டுத்தான் ஆடுவார்கள். ஒரு பங்குனியில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் நடந்துகொண்டிருந்தபோது கோடை மழை கொட்டி, ஆர்மோனியம் நனைந்து, நாடகம் பாதியில் நின்றுபோயிற்று. முருகன் வந்து வள்ளியை மணக்காமலே ஊர் வீட்டுக்குப் போனது. அடுத்த ஆண்டு நோய் வந்ததற்கும் அதைத்தான் காரணம் சொன்னார்களாம். அதன் பிறகு வெகுதானிய ஆண்டில், அதாவது 1938இல், ஐயா தம் இடத்தில் இந்தக் கொட்டகையை எழுப்பினார்.

சிங்கப்பூர் சித்தப்பா, காலை 7:51
அண்ணன், ஐயா ஒருவர் மட்டும் எழுப்பவில்லை. எங்கள் அப்பாவும் பக்கத்தில் நின்றார்.

ஆசிரியர் பெரியப்பா, காலை 7:58
தம்பி சொல்வது சரிதான். இடம் ஐயாவுக்கும் தம்பியின் அப்பா சின்னய்யாவுக்கும் கூட்டுப் பட்டா; சின்னய்யாவின் உழைப்பை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. நான் சொல்ல வந்தது வேறு. ஐயாவின் கணக்கு நோட்டு என் பெட்டியில் இருக்கிறது. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இரண்டு மரக்கால் நெல், நெல் இல்லாதவர்களுக்கு ஆறு நாள் ஆள்வேலை என்று அதில் எழுதியிருக்கிறது. சுண்ணாம்பு அரைக்கும் செக்குக்கு மாடு கொடுத்தவர், கடுக்காய் இடித்த பெண்கள், தண்ணீர் சுமந்தவர் எல்லோரும் அதில் வரிசையாக இருக்கிறார்கள். சென்னையில் விக்டோரியா பொது மண்டபமும் நன்கொடை திரட்டித்தான் கட்டப்பட்டது. 1883இல் ஆந்திரப் பக்கத்து விசயநகரம் மன்னர் அடிக்கல் நாட்டினார், மன்னர்களும் சமீன்தார்களும் பணம் கொடுத்தார்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கேதான் நாடகம் போட்டது. நமக்கு மன்னர் இல்லை, மரக்கால்தான் இருந்தது. அதனால் இந்த முறையும் தலைக்கட்டு வரி போட்டு, எல்லா வீட்டுப் பெயரும் நோட்டில் ஏறும்படிதான் பழுதுபார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தேவகோட்டை அத்தை, காலை 8:05
அண்ணன் சொன்னதை நான் இரண்டு முறை படித்தேன். பிறகு எழுதுகிறேன்.

சிங்கப்பூர் சித்தப்பா, காலை 8:11
எத்தனை ஆகும் என்று முதலில் சொல்லுங்கள்.

கட்டட அண்ணன், காலை 8:30
ஓடுகளை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்டால் ஐந்து லட்சத்துக்குள் முடிந்துவிடும். பழைய முறையிலேயே உத்தரம், கைமரம், ரீப்பர் மாற்றி, நல்ல ஓடுகளைப் பொறுக்கி மீண்டும் வேய்ந்து, சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூசினால் பதினான்கு லட்சம் வரும். தகரம் வேண்டாம் என்பதற்கு என்னிடம் ஒரே காரணம்தான் உண்டு. மழை பெய்தால் தகரத்தின் கீழ் ஆர்மோனியக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சுருதி கேட்காது; கதாநாயகனாக வரும் ராஜபார்ட் தொண்டை கிழியப் பாட வேண்டியிருக்கும்.

சின்னம்மா, காலை 8:34
சிமெண்டு பூசினால் செலவு குறையாதா?

கட்டட அண்ணன், காலை 8:49
குறையும் சின்னம்மா, ஆனால் இந்தக் கேடே சிமெண்டால் வந்ததுதான். முன்பு ஒருமுறை சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் சிமெண்டு பூசினார்கள். பழைய செங்கலும் சுண்ணாம்பும் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்புடையவை. சிமெண்டு அந்த வழியை அடைத்துவிட்டது. வெளியேற முடியாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறி, உப்புப் பூத்து, செங்கலை அரித்து, உத்தரத்தின் நுனி வரை போய்விட்டது. சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை விட்டுக் குழைக்க வேண்டும். பூசிய பிறகு அவசரப்படாமல் காயவிட வேண்டும். காரைக்குடிப் பக்கம் அந்த வேலை தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார்கள். கார்த்திகையில் பணம் சேர்ந்து மார்கழியில் வேலை தொடங்கினால்தான் பங்குனிக்குள் முடியும்.

சிங்கப்பூர் சித்தப்பா, காலை 9:20
பதினான்கு லட்சத்தையும் நானே தந்துவிடுகிறேன். யாரிடமும் கையேந்த வேண்டாம். முகப்பில் எங்கள் அப்பாவின் பெயரை மட்டும் எழுதிவிடுங்கள். ஐயாவின் பெயரைத்தான் ஊர் சொல்கிறது, எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்ல ஆளில்லை.

நான், காலை 9:31
சித்தப்பா, உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. பெரியப்பா பதில் சொல்லட்டும்.

ஆடிட்டர் அத்தான், காலை 9:47
பெயர்ப் பலகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு சட்டச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். சின்ன மாமா சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார். அவர் கொட்டகைக் குழுவின் கணக்குக்குப் பணம் அனுப்பினால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அந்தப் பதிவைப் பெறச் சங்கம் மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் பதினைந்து லட்சம் ரூபாய் பணி செய்திருக்க வேண்டும். பணமும் டில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக்குத்தான் வர வேண்டும். நம் குழு இன்னும் சங்கமாகவே பதிவாகவில்லை. சின்ன மாமாவின் மகன் இந்தியக் கடவுச்சீட்டில் அங்கே வேலை பார்க்கிறான். அவன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்தச் சட்டத்தில் வராது.

சிங்கப்பூர் சித்தப்பா, காலை 9:55
சொந்த ஊருக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லையா?

ஆடிட்டர் அத்தான், காலை 10:02
உரிமை இருக்கிறது மாமா. வழிதான் சுற்றிப் போகிறது. பிறகு வழக்கில் மாட்டிக்கொள்ளாமல் செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். 80ஜி என்று சொல்லும் நன்கொடை வரிக்கழிவை நம்பியும் யாரும் காத்திருக்க வேண்டாம். பதிவு செய்து அதை வாங்கினாலும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை.

சின்னம்மா, காலை 10:10
அரசாங்கத்தில் கேட்க வழி இல்லையா?

ஆசிரியர் பெரியப்பா, காலை 10:41
நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மக்கள் ஒரு பங்கு திரட்டினால் அரசு இரண்டு பங்கு போடும். ஆனால் கட்டடம் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். இரு வீட்டாரும் கையெழுத்திட்டு இடத்தை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் கேட்கலாம். நான் எழுதிக் கொடுக்கத் தயார். தம்பியின் மனம் எனக்குத் தெரியாது.

சிங்கப்பூர் சித்தப்பா, காலை 10:44
பட்டாவைப் பற்றிக் குழுவில் பேச வேண்டாம் அண்ணன். நான் தையில் நேரில் வருகிறேன்.

நான், காலை 10:46
தையில் வந்தால் மார்கழி வேலை எப்படித் தொடங்கும்?

தேவகோட்டை அத்தை, பகல் 12:15
சமையலை முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். தலைக்கட்டு வரி என்றால் ஊரில் இருக்கும் ஆண்பிள்ளையின் பெயர்தான் நோட்டில் ஏறும். கட்டிக்கொடுத்த பெண்களுக்கு வரியும் இல்லை, பெயரும் இல்லை. ஐயாவின் நோட்டில் கடுக்காய் இடித்த பெண்களை "இன்னார் வீட்டுப் பெண்கள் நால்வர்" என்று எண்ணிக்கையாகத்தான் எழுதியிருக்கும். நீங்கள் திறந்து பார்த்துச் சொல்லுங்கள். நான் அந்தக் கொட்டகையின் மண்ணில் விடிய விடிய உட்கார்ந்து நாடகம் பார்த்து வளர்ந்தவள். வள்ளி பரணில் நின்று ஆலோலம் பாடும்போது அம்மா என்னைத் தட்டி எழுப்புவாள். எனக்கும் அங்கே வரியும் பெயரும் வேண்டும்.

ஆசிரியர் பெரியப்பா, பகல் 12:40
நோட்டைத் திறந்து பார்த்தேன். தங்கை சொன்னது உண்மை. "கடுக்காய் இடித்தது பெண்டுகள் பதினொருவர்" என்று மட்டுமே எழுதியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அந்த நோட்டைக் கையில் வைத்திருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் தலைக்கட்டு முறையை நான் ஒருவனாக மாற்ற முடியாது. ஊர்த் தலைவர் அம்பலகாரரிடமும் ஊர்க்கூட்டத்திலும் வைக்க வேண்டும்.

சின்னம்மா, பகல் 12:44
அண்ணி, நானும் என் பிறந்த ஊரில் இதையேதான் கேட்க நினைத்திருக்கிறேன்.

தேவகோட்டை அத்தை, பகல் 1:05
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாகப் பிரிவினை நடந்த ஆண்டில் காடு வரைந்த மேடைத் திரையான காட்டுச் சீன் படுதா காணாமல் போனது என்று மேலவீடு கீழவீட்டையும் கீழவீடு மேலவீட்டையும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அது என் வீட்டு மச்சில் இருக்கிறது. இரு வீட்டாரும் அதைக் கிழித்துப் பங்கு போட்டுவிடுவீர்கள் என்று பயந்து அம்மா என்னிடம் கொடுத்தனுப்பினாள். மூங்கிலில் சுற்றி, வேப்பிலை போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கிறேன். மானின் காலருகில் ஒரு சாண் எலி கடித்திருக்கிறது. தினைப்புனத்துப் பச்சை இன்னும் மங்கவில்லை.

சிங்கப்பூர் சித்தப்பா, பகல் 1:09
அக்கா, அது நிசமாகவே உங்களிடம் இருக்கிறதா? அதை எடுத்தது நான்தான் என்று நினைத்து அப்பா கடைசி வரை என்னிடம் அதைப் பற்றிப் பேசாமலே போய்விட்டார்.

தேவகோட்டை அத்தை, பகல் 1:12
எனக்கு அது தெரியாதடா தம்பி. தெரிந்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்து சொல்லியிருப்பேன்.

ஆசிரியர் பெரியப்பா, பகல் 1:30
தம்பி, பலகையைப் பற்றி என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். சின்னய்யாவின் பெயர் முகப்பில் வர வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஐயா பெயரும் சின்னய்யா பெயரும் சேர்ந்து வரட்டும். உள்ளே மேடைக்கு எதிர்ச் சுவரில் இந்தப் பழுதுபார்ப்புக்குக் கொடுத்த எல்லோர் பெயரும், ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பெயராக இருந்தாலும், ஒரே அளவு எழுத்தில் வரட்டும். இதற்கு நீ ஒப்புக்கொள்வாயா?

சிங்கப்பூர் சித்தப்பா, பகல் 1:52
யோசித்துச் சொல்கிறேன் அண்ணன். இப்போதைக்கு என் மகன் இரண்டு லட்சம் அனுப்புவான். அதை அவன் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் அத்தான், பகல் 2:05
கூட்டுக் கணக்கு திறக்கும் வரை யாரும் தனிப்பட்ட ஜிபே எண்ணுக்குப் பணம் போட வேண்டாம். இரு வீட்டுக்கும் ஒவ்வொருவர், பெண்கள் பக்கம் ஒருவர் என மூன்று கையெழுத்து இருந்தால் பிறகு பேச்சு வராது.

தேவகோட்டை அத்தை, பகல் 2:11
நான் அண்ணனின் எண்ணுக்கு ஐயாயிரம் காலையிலேயே போட்டுவிட்டேன். ரசீதை என் பெயரில் எழுதுங்கள், உங்கள் மச்சான் பெயரில் வேண்டாம்.

ஆசிரியர் பெரியப்பா, பகல் 2:14
எழுதிவிட்டேன் தங்கை. முதல் ரசீது உன்னுடையதுதான். ஊர்க்கூட்டத்தில் யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கட்டட அண்ணன், மாலை 5:20
இன்று இரவும் மழை இருக்கும் என்று வானிலையில் சொல்கிறார்கள். வேடம் கட்டும் அறையில் நனையாத ஓடுகளை மேடைக்குக் கீழே அடுக்கிவிட்டோம். தார்ப்பாய் கட்ட உயரமான ஏணி வேண்டும். கீழவீட்டு ஏணி யாரிடம் இருக்கிறது?

சிங்கப்பூர் சித்தப்பா, மாலை 5:23
மாட்டுக்கொட்டிலின் பின்னால் சாத்தியிருக்கும். சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கிறது. நான் இப்போதே அவரிடம் பேசிவிடுகிறேன்.