இயங்குதளத்தில் ஒலி வடிவங்களைக் கையாள வேண்டிய இடம் எது?

கேள்வி:
கற்றுக்கொள்வதற்காக ஒரு சிறிய இயங்குதளத்தை எழுதி வருகிறேன். ஒலி அட்டைக்கான டிரைவர் வேலை செய்கிறது. எந்தச் செயலியும் எம்பி3, ஃப்ளாக் கோப்புகளை அப்படியே கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்) கொடுத்து ஒலிக்கச் செய்யும்படி, கோடெக்குகளை (சுருக்கப்பட்ட ஒலியை விரிக்கும் நிரல்களை) கெர்னலுக்குள்ளேயே வைக்கலாமா? மேலும், ஒரு செயலி 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்திலும் (நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற அளவு) மற்றொன்று 48,000 ஹெர்ட்ஸிலும் ஒரே நேரத்தில் ஒலித்தால், மாற்றும் பொறுப்பு யாருடையது?

பதில் 1:
தயவுசெய்து வைக்காதீர்கள். கோடெக் என்பது எங்கிருந்தோ வந்த கோப்பைப் பிரித்துப் படிக்கும் நிரல். அதில் ஒரே ஒரு நினைவகப் பிழை இருந்தாலும், கெர்னலுக்குள் இருக்கும்போது முழுக் கணினியும் தாக்குபவர் கைக்குப் போய்விடும். 2015-இல் ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃப்ரைட் நூலகத்தில் தெரியவந்த ஓட்டைகள், கெர்னலுக்கு வெளியே இருந்தும் பெரும் ஆபத்தாக இருந்தன. அதன் பிறகுதான், ஆண்ட்ராய்டு 7-இல் மீடியா சேவையைத் தனித்தனிப் பிராசஸ்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அனுமதியை மட்டும் அளித்தார்கள். கெர்னலுக்குத் தெரிய வேண்டியது பிசிஎம், அதாவது சுருக்கப்படாத ஒலி மாதிரிகள், மட்டுமே. செயலி எழுதுவோருக்கு எளிமை வேண்டுமென்றால், கோடெக்குகளைப் பொது நூலகமாகக் கொடுங்கள்.

பதில் 2:
மாதிரி வீத மாற்றமும், பல செயலிகளின் ஒலியை ஒன்றாக்கும் கலப்பும் கெர்னலுக்கு வெளியே, ஒரே ஒலிச் சேவையில் நடப்பதே நல்லது. 44,100-க்கும் 48,000-க்கும் உள்ள விகிதம் 147:160 என்பதால், அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளுக்கு இடையே நேர்கோட்டில் மதிப்பிட்டு நிரப்பினால் இல்லாத அதிர்வெண்கள் ஒலியில் கலந்துவிடும். முறையான வடிகட்டி தேவை. அந்தக் கணக்கை 32 பிட் மிதவைப் புள்ளி (பின்னப் பகுதியும் கொண்ட) எண்களில் செய்வது வசதி. ஆனால் கெர்னலுக்குள் அவற்றைப் பயன்படுத்தினால், சிபியுவின் மிதவைப் புள்ளிப் பதிவேடுகளைச் சேமித்து மீட்க வேண்டியிருக்கும் என்பதால், லினக்ஸ் கெர்னலில் பொதுவாக அதைத் தவிர்க்கிறார்கள். விண்டோஸும் விஸ்டாவில் கலப்பைக் கெர்னலிலிருந்து வெளியே கொண்டுவந்தது.

பதில் 3:
கலப்புக்கு மட்டும் மிதவைப் புள்ளி கட்டாயமில்லை. 16 பிட் மாதிரிகளை 32 பிட் முழு எண்ணில் கூட்டினால், 65,536 ஒலி ஓடைகள் வரை எல்லை மீறாது. இறுதியில் ஒருமுறை வரம்புக்குள் கொண்டுவந்தால் போதும். அதைவிடக் கவனமாக வரையறுக்க வேண்டியது வடிவத்தின் விவரிப்பு. '24 பிட்' என்று மட்டும் எழுதினால், அது மூன்று பைட்டுகளில் இருக்கிறதா, நான்கு பைட்டுகளில் இருக்கிறதா என்பது தெரியாது; லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவில் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பைட் வரிசை, சேனல் வரிசை ஆகியவற்றையும் முதல் நாளிலேயே இடைமுகத்தில் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் செயலிகள் எழுதப்பட்ட பிறகு அவற்றை மாற்றுவது மிகக் கடினம்.