ஒன்றரை அடி தொட்டியில் ஐந்து பெண் ஃபைட்டர் மீன்: ஒன்று மட்டும் எல்லாரையும் விரட்டுகிறது, என்ன செய்வது?

தெப்பக்குளத்தான்:
வணக்கம். தொட்டி 18×10×10 அங்குலம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது. மேலே ஆகாயத்தாமரை, கீழே ஜாவா மாஸ் கட்டிய ஒரு கட்டை. ஐந்து பெண் ஃபைட்டர் விட்டிருக்கிறேன். பெண்கள்தானே, சேர்த்தே வளர்க்கலாம் என்றார் கடைக்காரர். அங்கேயும் ஒரே தொட்டியில் ஏகப்பட்டது கிடந்தன, ஒரு சண்டை இல்லை.

முதலில் செவுளை விரித்துக் காட்டுவதோடு சரி. இப்போது நீல மீன் மற்ற நாலையும் துரத்துகிறது. மஞ்சள் மீனின் வால் நார் நாராகக் கிழிந்துவிட்டது. ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, சாப்பிட வருவதில்லை. உடம்பில் தலையிலிருந்து வால் வரை இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிகின்றன. இது நோயா?

பாசிக்காரர்:
நோய் இல்லை ப்ரோ, பயம். படுக்கைவாட்டில் கோடு வந்தால் மீன் மிரண்டிருக்கிறது என்று அர்த்தம். முட்டையிடத் தயாரான பெண்ணுக்குக் கோடு செங்குத்தாக விழும், அது வேறு.

மஞ்சளை இப்போதே தனியாக எடுங்கள். ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டிய மீன். நீலம் மேல்மட்டத்தில் காவல் நின்றால் மஞ்சள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கடி வாங்கும். வால் கிழிந்ததைவிட எனக்கு அதுதான் கவலை. மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சு, அமோனியா, பார்த்தீர்களா?

தெப்பக்குளத்தான்:
அண்ணா, டெஸ்ட் கிட்டில் அமோனியா 0.5 ppm காட்டுகிறது. மஞ்சளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். நீலம் மேலேதான் இருக்கிறது, சரியாகச் சொன்னீர்கள். ஒரு மூலையில் ஆகாயத்தாமரை இலைக்கு அடியில் சோப்பு நுரை மாதிரி ஏதோ சேர்ந்திருக்கிறது. அதைவிட்டு நகர்வதே இல்லை.

மீனாட்சி_அக்வா:
நுரையா? தம்பி, அந்த நீலத்தின் படத்தைப் போடுங்கள். கண்ணாடி ஒன்றைத் தொட்டிக்கு வெளியே வைத்து, அது செவுளை விரிக்கும்போது பக்கவாட்டில் எடுங்கள்.

தெப்பக்குளத்தான்:
போட்டிருக்கிறேன் அக்கா.

மீனாட்சி_அக்வா:
நினைத்தது சரி. அது ஆண். செவுள் மூடிக்குக் கீழே தாடி மாதிரி கறுப்பாகத் தொங்குகிறது பாருங்கள். பெண்ணுக்கும் விரித்தால் லேசாகத் தெரியும், இவ்வளவு இருக்காது. வயிற்றடித் துடுப்பும் தடிமன். பிளகாட் என்ற குட்டை வால் ரக ஆண்களைப் பெண் என்று விற்பது ரொம்ப சகஜம். வயிற்றுக்கு அடியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பெண் என்பார்கள். சின்ன ஆண்களுக்கும் சில சமயம் அந்தப் புள்ளி இருக்கும், அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். முட்டைக்காக ஆண் கட்டும் இந்த நுரைக்கூடும் அப்படித்தான், எப்போதாவது ஒரு பெண்ணே கட்டும். இங்கே எல்லாம் சேர்ந்து வருவதால் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடு கட்டிய ஆண் அந்தப் பக்கம் யாரையும் விடாது.

தெப்பக்குளத்தான்:
அப்படியானால் நீலத்தை எடுத்துவிட்டால் மற்ற நாலும் ஒன்றாக இருக்கலாம்தானே?

பாசிக்காரர்:
கொஞ்ச நாள் இருக்கும். அப்புறம் நாலில் பெரியது ரௌடியாகும். உங்கள் தொட்டி விளிம்பு வரை ஊற்றினாலே 29 லிட்டர்தான். இந்த மீன் இயற்கையில் வாழும் தாய்லாந்து வயலிலும் வாய்க்காலிலும் தோற்ற மீன் செடிக்குள் புகுந்து ஓடிவிடும், சண்டை அங்கேயே முடியும். இங்கே ஓடினால் பத்து அங்குலத்தில் கண்ணாடி. திரும்பினால் எதிரி முகம். ஜெயித்தது விடுவதே இல்லை.

கடையில் சண்டை வராததற்கும் காரணம் உண்டு. அத்தனை மீன் நெருக்கியடித்தால் யாருக்கும் சொந்த இடம் பிடிக்க முடியாது, கடியும் பத்துப் பேருக்குப் பிரிந்து போகும். பாதி மீன் வயசுக்கே வந்திருக்காது. அதைப் பார்த்து வீட்டில் ஐந்தை விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

மீனாட்சி_அக்வா:
பெண்களைச் சேர்த்து வளர்க்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் மூன்றடி தொட்டியில் ஒரு கூட்டம் இருக்கிறது. கொளத்தூரில் வளர்ப்பவர் ஒருவரிடம் ஒரே பேட்ச் குஞ்சுகளாக வாங்கி, ஒரே நாளில் விட்டேன். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியாது, அவ்வளவு செடி. அப்படியிருந்தும் தினமும் வால்களை எண்ணிப் பார்க்கிறேன். பிரித்துவைக்க ஒரு காலித் தொட்டி எப்போதும் தயார். 80 லிட்டருக்குக் கீழே, அதுவும் கடையில் கலந்து பொறுக்கிய மீன்களை வைத்து, யார் கேட்டாலும் வேண்டாம் என்பேன்.

பாசிக்காரர்:
அக்காவின் தொட்டி விதிவிலக்கு. நான் ஒன்றுக்கு ஒரு தொட்டி கட்சி.

மஞ்சளுக்கு மருந்து எதுவும் ஊற்றாதீர்கள். டப்பாவில் தினமும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீர், அதே சூடு. காய்ந்த பாதாம் மர இலை ஒன்று போடுங்கள், நம் தெருவில் விழுவதே போதும், பூச்சிமருந்து படாததாகக் கழுவிப் போடுங்கள். வால் ஓரம் கறுத்தோ வெள்ளையாகவோ அரித்துக்கொண்டே போனால் மட்டும் நாலு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல் உப்பு. டப்பாவில்தான், செடித் தொட்டியில் வேண்டாம். மூடி அவசியம், குதித்துவிடும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இருக்கட்டும்.

பெரிய தொட்டியில் அமோனியா பூஜ்யத்துக்கு வரும்வரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கசக்காதீர்கள், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

தெப்பக்குளத்தான்:
நீலத்தையும் இரண்டு பெண்களையும் கடையில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள், பணத்துக்குப் பதில் தீனி தருகிறார்கள். மீதி ஒரு பெண் தொட்டியில். மஞ்சள் இன்று ரத்தப்புழு இரண்டு சாப்பிட்டது, கோடு மங்கிவிட்டது. வால் ஆறியதும் அதற்கு எவ்வளவு பெரிய இடம் வேண்டும்?

மீனாட்சி_அக்வா:
20 லிட்டர் இருந்தால் தாராளம். ஒன்றரை அடி தொட்டியை நடுவில் கண்ணாடி வைத்துப் பிரிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், அதனால் முன்பே சொல்கிறேன்: ஒளி ஊடுருவாத தடுப்பாக வையுங்கள், மேலே மூடிவரை உயரட்டும், இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடட்டும்.