வர்க்க எண்ணின் இலக்கங்களில் மனசை விட்டுப் போகாதது எது?

வெள்ளவத்தை88: காலி வீதி, 100 பஸ், பின் பிளேட்டில் 7744. 88இன் வர்க்கம். இரண்டு சோடியாக வரும் நாலிலக்க நிறைவர்க்கம் இது ஒன்றுதான். முதல் சோடியின் இலக்கம் அ, அடுத்ததன் இலக்கம் ஆ என்றால் எண் 11 × (100அ + ஆ). நிறைவர்க்கமென்றால் அடைப்புக்குள்ளும் ஒரு 11 கிடக்க வேண்டும்; 100ஐ 11ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே அ + ஆ = 11. வர்க்கத்தின் கடைசி இலக்கம் 2, 3, 7, 8 ஆகாது; 11, 55, 66, 99 என்றும் முடியாது. 00 என்றால் அ 11 ஆகிவிடும். மிச்சம் 44, அப்போது அ = 7. இரண்டு 4க்கு மேல் எந்த வர்க்கத்தின் வாலிலும் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

கொட்டாஞ்சேனை38: கடைசி வரி பிழை. 38ஐ வர்க்கமாக்கிப் பாருங்கோ: 1444. 462 → 213444. 538 → 289444. 500இன் மடங்குக்கு 38 கூடவோ குறையவோ நிற்கிற எல்லாம் 444இல்தான் முடியும். நாலாவது 4தான் ஏறாது. 4444இல் முடிகிற எண்ணை 4ஆல் வகுத்தால் 11இல் முடியும்; அதுவும் நிறைவர்க்கமாக இருக்க வேண்டும். 11ஐ நீங்களே மேலே தள்ளிவிட்டீங்கள்.

தெஹிவளை கணக்கு: எனக்கு 4879. கப்ரேக்கர் எண் (வர்க்கத்தை இரண்டாக வெட்டிக் கூட்டினால் அதே எண் திரும்ப வரும்) தேடுகிறவர்கள் வர்க்கத்தைச் சரிபாதியாக வெட்டுவார்கள். 703க்கு அது சரி: 494 + 209. 4879இன் வர்க்கம் 23804641; பாதியில் வெட்டினால் 2380 + 4641 = 7021, ஆள் தப்பிவிடும். 238 + 04641 என்று வெட்டினால்தான் பிடிபடும். 5292உம் இதே கேஸ்: 28 + 005264. ஸ்லோன் பட்டியலில் (எண் தொடர்களின் இணையக் களஞ்சியம், OEIS) ஏ006886 என்ற தொடர் இந்த இரண்டையும் சேர்க்கும், ஏ053816 சேர்க்காது. கண்ட இடத்தில் வெட்டவிட்டால் 100உம் நுழையும் (100 + 00), ஆகவே வலப்பக்கம் பூச்சியமானால் தள்ளுங்கோ.

ஒருத்தரும் கேட்கவில்லைதான், ஆனாலும் இந்த வர்க்கக் கணக்கை எக்செலில் செய்யாதீங்கோ. 15 இலக்கத்துக்கு மேல் வால் பூச்சியமாகிவிடும். 111111111ஐ வர்க்கமாக்கினால் 12345678987654321 வரவேண்டும். கலத்தில் 12345678987654300 நிற்கும். பிறகு கலத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றினாலும் போன 21 திரும்பாது. 31622777இலேயே வர்க்கம் 16 இலக்கமாகிறது, தொல்லை அங்கே தொடக்கம். பைதனில் முழுவெண்ணுக்கு எல்லை இல்லை. ஆனால் நிறைவர்க்கமா என்று பார்க்க 0.5 அடுக்குப் போடவேண்டாம், அது தசமத்துக்குப் போய்ப் பெரிய எண்ணில் பொய் சொல்லும். முழுவெண் வர்க்கமூலம் எடுத்துத் திரும்பப் பெருக்கிப் பாருங்கோ.

வெள்ளவத்தை88: 444, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 1கள் ஒன்பதோடு நின்றால்தான் அழகு. பத்து 1 போட்டால் 1234567900987654321. ஏறுகிற பக்கத்தில் 8ஐக் காணோம்: நடுவில் கூட்டுத்தொகை 10, அதன் 1 ஏறி 9ஐ 10 ஆக்கும், அதன் 1 ஏறி 8ஐ 9 ஆக்கும்.