13 வயது நாயின் இறுதி நாட்களுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்குச் சிறுநீரகம் செயலிழந்து வருகிறது. இனி வேதனையைக் குறைக்கலாமே தவிர நோயைத் தீர்க்க இயலாது என்று மருத்துவர் கூறிவிட்டார். கருணைக்கொலை என்ற சொல்லையே அம்மா கேட்க மறுக்கிறார். எப்போது, எதை வைத்து முடிவெடுப்பது?

மறுமொழி 1: அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் வெளியிட்ட வாழ்க்கைத் தர அளவுகோல் எங்களுக்கு உதவியது. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் 10 வரை மதிப்பெண் இட வேண்டும்; 10 என்றால் மிக நல்ல நிலை (வலிக்கு, அது நன்கு கட்டுக்குள் இருப்பது). கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே இடுங்கள். எங்கள் அப்பா இட்டது எப்போதும் கூடுதலாகவே இருந்தது!

மறுமொழி 2: மருத்துவர் வீட்டுக்கு வருவாரா என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். முதலில் அமைதிப்படுத்தும் ஊசி போட்டு, நாய் உறங்கிய பின் மயக்க மருந்தை மிகுந்த அளவில் இரத்தக் குழாயில் செலுத்துவார்கள். உயிர் பிரிந்த பின்னும் கண்கள் திறந்திருக்கும், சிறுநீர் வெளியேறலாம், தசைகள் துடிக்கலாம் என்பதை அம்மாவிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். அம்மருந்து உடலில் தங்கிவிடுவதால், ஆழமின்றிப் புதைத்தால் தோண்டித் தின்னும் பிற விலங்குகளுக்கு அது நஞ்சாகிவிடும். ஆகவே தகனமே நல்லது.

கேட்டவர்: நன்றி. இன்றிரவு மூவரும் மதிப்பெண் இடுகிறோம், அம்மாவும் இசைந்துவிட்டார்.