வெளிநாட்டு வாடிக்கையாளருடன் இணையத்தில் வரைபடத் திருத்தம்: குழப்பத்தைத் தவிர்ப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். மதுரையில் கட்டப்படும் ஒரு வீட்டின் வரைபடங்களைத் துபாயில் இருக்கும் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வருகிறேன். அவர் படத்தின் மேல் சிவப்புக் கோடு கிழித்து, ‘இந்தச் சுவரைச் சற்றுத் தள்ளுங்கள்’ என்று எழுதி அனுப்புகிறார். எந்தச் சுவர், எவ்வளவு தூரம் என்பது புரியாமல், சென்ற வாரம் பழைய பிரதியையே திருத்திவிட்டேன். இதற்கு வழி உண்டா?

மறுமொழி 1:
ஐயா, படமாக அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள்; வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது அளவு எண்கள் மங்கிவிடுகின்றன. பிடிஎஃப் கோப்பை அக்ரோபாட் என்னும் அடோபி மென்பொருள் வழியாக ஒரே இணைப்பில் பகிர்ந்தால், குறிப்புக்குக் கீழேயே பதில் எழுதலாம், எழுதியவர் பெயரும் நேரமும் பதிவாகும். டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபட மென்பொருளின் மூலக்) கோப்பையே அவர் பார்க்க விரும்பினால், ஆட்டோடெஸ்க் வியூவர் என்னும் இணையச் சேவை அதை உலாவியிலேயே திறக்கும்.

மறுமொழி 2:
அளவுகோலையும் கவனியுங்கள். ஏ1 தாளுக்கு 1:50 அளவில் (உண்மை நீளத்தில் ஐம்பதில் ஒரு பங்காக) வரைந்ததை அவர் நீள அகலம் பாதியான ஏ3 தாளில் சுருக்கி அச்சிட்டால் அது 1:100 ஆகிவிடும். 1:50 என்றே நினைத்து ஸ்கேல் வைத்து அளப்பவருக்குப் பத்தடி அறை ஐந்தடியாகத் தெரியும். ஆகவே தாளின் ஓரத்தில் அளவுப் பட்டை (நீளங்கள் குறித்த சிறு கோடு) ஒன்றை வரைந்துவிடுங்கள்; படம் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும். மாற்றிய இடத்தை மேகம் போல் வளைந்த கோட்டால் சூழ்ந்து, அருகே முக்கோணத்துக்குள் திருத்த எண்ணை இடுங்கள். கோப்பின் பெயரிலும் அதே எண் இருக்கட்டும். தொலைபேசியில் பேசி முடிவானதையும் அன்றைக்கே வரைபடத்தில் குறித்துவிடுவது மிக அவசியம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அளவுப் பட்டையை இன்றே சேர்த்துவிடுகிறேன்.